இருபத்திரண்டு மீட்டர்

விபத்து செய்த டிரைவர் யாரும் நாற்பதுக்கு மேல் வந்ததே கிடையாது. சந்தேகம் என்றால் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலாவது போய்க் கேட்டுப் பாருங்கள். லாரியோ பஸ்ஸோ வேனோ, "நாப்பதுலதானுங்க வந்தேன்" என்பார்கள். போலீஸ்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்களிடம் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். அதிவேகம் என்றால் எத்தனை என்று அவர்கள் எழுத மாட்டார்கள். நாற்பது என்று எதைப் பார்த்துச் சொன்னாய் என்று டிரைவரையும் கேட்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி, அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். என் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். அவர் வந்ததும் நாற்பதில்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் போத்தனூரில் குடியிருந்தோம். நான் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி, இயற்பியலும் கணக்கும் எடுத்திருந்தேன். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அப்பா ஒரு தனியார் டவுன் பஸ்ஸின் டிரைவர். உக்கடத்தில் எடுத்து, போத்தனூர் வழியாக மதுக்கரை போய்த் திரும்ப வேண்டும். அந்த பஸ்ஸில் வேகம் காட்டும் மீட்டர் செத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. முள் இருபதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஓடினாலும் இருபது, ஸ்டாண்டில் நிறுத்திப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் இருபது. "நிக்கறப்பவும் ஓடற வண்டி உங்க வண்டி ஒண்ணுதானுங்க" என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். அப்பா சிரிப்பார். அவருக்கு மீட்டர் தேவைப்படவில்லை. எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். டைம் தவறினால் பின்னால் வரும் பஸ்காரன் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு சனிக்கிழமை காலையில் போத்தனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போய் முடிய நான்கு நிமிடம் ஆனது. கேட் திறந்து, பஸ் மதுக்கரை ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு டீக்கடைப் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் ரோட்டைக் கடந்தார். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர். அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை.

கண்டக்டர்தான் வந்து சொன்னார். வாசலில் நின்றபடியே, "ஏனுங்க, அண்ணன் ஸ்டேஷன்ல இருக்காருங்க. அவருக்கு அடிகிடி ஒண்ணுமில்லீங்க. சைக்கிள்காரர் ஒருத்தரு…" என்று நிறுத்திவிட்டார். அம்மா மெஷினில் இருந்தாள். கையிலிருந்த தையலைக் கடைசி வரைக்கும் ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கும் வரை நின்று, இறக்கிவைத்துவிட்டு வந்தேன். எங்கள் இருவருக்கும் கை கால் அது பாட்டுக்கு வேலை செய்தது, அவ்வளவுதான். அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை.

சாயங்காலம் பஸ் முதலாளி ஜாமீன் கொடுத்து அப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா குளித்தார். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஒரு மனுஷன் செத்துக்கிடக்கிறான், இவருக்கு ரசம் கேட்கிறதா என்று இருந்தது. அந்தக் கோபமும் இரண்டு நிமிடம் நிற்கவில்லை. அப்பா கை கழுவிவிட்டு வந்து, வயர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நாப்பதுலதான் வந்தேன்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. அம்மா, "செரி, படுங்க" என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் பள்ளியின் தனி ஊசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு நூலில் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணி, பூமி பொருட்களை எந்த முடுக்கத்தில் இழுக்கிறது என்று கண்டுபிடிக்கும் செய்முறை. விடை 9.8 வர வேண்டும். எனக்கு 9.5 வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே 9.5. டீச்சர் சிவப்பு மையில் "மீண்டும் செய்க" என்று எழுதிவிட்டார். எங்கே தப்பு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. நூலைக் குண்டின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். நான் கொக்கி வரைக்கும்தான் அளந்திருந்தேன். இது பிற்பாடு நானாகக் கண்டுபிடித்தது.

பக்கத்து பெஞ்சுக்காரி என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அட லூசு, இவ்வளவு நேரம் நெஜமாலுமே ஆட்டிட்டா இருந்தே? 9.8ல இருந்து பின்னாடி வா. எத்தன விநாடி வரோணும்னு கணக்குப் போடு. அதையே ரீடிங்கா எழுதிப் போடு. சும்மா ரெண்டு புள்ளி முன்ன பின்ன வெச்சுக்கோ, அப்பத்தான் நம்புவாங்க" என்றாள். வகுப்பில் என்னைத் தவிர முப்பத்தாறு பேர். முப்பத்தாறு பேருக்கும் 9.79க்கும் 9.81க்கும் நடுவில் விடை வந்திருந்தது. எங்கள் வகுப்புக்கு மட்டும் பூமி தனி அக்கறை எடுத்து இழுத்திருக்கிறது. நானும் பின்னால் இருந்து கணக்குப் போட்டு எழுதினேன். டீச்சர் "நன்று" போட்டார். இதற்கு எங்கள் வகுப்பில் "ரீடிங் வரவெச்சுக்கறது" என்று பெயர்.

அப்பா சாப்பிட்டு முடித்த அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலையில், அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் மதுக்கரை ரோட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்பா நாற்பதில் வந்தார் என்று நம்பினேன். பாடத்தில் கருதுகோள் என்று ஒன்று சொல்லித் தந்திருந்தார்கள். முதலில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அளந்து பார்க்க வேண்டும், அளவு ஒத்துவராவிட்டால் நினைத்ததை விட்டுவிட வேண்டும். நான் நினைத்துக்கொண்டது நாற்பது. ஒத்துவராமல் போகும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. எல்லாரும் வாயால் சொல்வதை நான் காகிதத்தில் காட்டப்போகிறேன், போலீஸ்காரர்கள் பார்த்துவிட்டு அப்பாவை விட்டுவிடுவார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். பதினாறு வயது, வேறென்ன சொல்ல.

பிரேக் பிடித்த தடம் அப்படியே இருந்தது. அந்த ரோட்டில் எப்போதும் சிமெண்டுத் தூசி படிந்து சாம்பல் பூத்துக் கிடக்கும். அதன்மேல் இரண்டு கறுப்புக் கோடுகள் நீளமாக ஓடின. போலீஸ்காரர்கள் அந்தக் கோட்டோரமாக நடந்திருக்கிறார்கள். "டயர் தேய்ந்த தடம் காணப்பட்டது" என்று எழுதியும் இருக்கிறார்கள். எத்தனை அடி என்று மட்டும் எழுதவில்லை.

தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான். ஒரு முனையில் கல்லை வைத்து, மறுமுனை வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி அங்கே கல்லை வைத்து, ஊர்ந்து ஊர்ந்து அளந்தேன். பதினான்கு டேப்பும் ஒரு மீட்டரும் வந்தது. இருபத்திரண்டு மீட்டர். செய்முறை என்றால் மூன்று முறை அளக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மூன்று முறை அளந்தேன். 22.0, 21.9, 22.1. லாரி வரும்போதெல்லாம் எழுந்து ஓரமாக நின்றேன். பஸ் கடைசியில் நின்ற இடம் தடத்தின் முடிவு. நடுவில் ஓரிடத்தில் தாரில் ஒரு கீறல் தொடங்கியது. சைக்கிள் பெடல் இழுபட்ட கீறல். அதையும் அளந்தேன். தடம் தொடங்கிய இடத்திலிருந்து பதினான்கு மீட்டர்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, ரோட்ட என்னத்துக்கு அளக்கறீங்க?"

"ஸ்கூல்ல குடுத்திருக்காங்கண்ணா."

"ஞாயித்துக்கெழமயுமா? நேத்துத்தானுங்க இதே எடத்துல ஒருத்தரு போய்ச் சேந்தாரு. பாத்து."

"செரிங்கண்ணா" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கீறலின்மேல் டேப்பை வைத்தபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கோ ஜாக்கெட் அளவு எடுப்பது போல எடுத்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பள்ளிக்கூடத்து மீட்டர் கோலோடு வைத்துப் பார்த்ததில் அம்மாவின் டேப் ஒரு சென்டிமீட்டர் நீண்டுபோயிருந்தது. அளக்கும் டேப் நீண்டிருந்தால் அளவு குறைவாகக் காட்டும். இருபத்திரண்டு மீட்டருக்கு ஒரு சாண் கூடவோ குறையவோ வருவதால் விடை மாறாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டேன்.

தூரம் மட்டும் இருந்தால் போதாது. டயர் ரோட்டை எவ்வளவு பலமாகப் பிடித்து நிறுத்தும் என்று தெரிய வேண்டும். அதற்குப் பெயர் உராய்வுக் குணகம். புத்தகத்தில் மரத்துக்கும் மேஜைக்கும் போட்டிருந்தார்கள், டயருக்கும் மதுக்கரை ரோட்டுக்கும் போடவில்லை. அப்பாவின் பழைய டயர் செருப்பு ஞாபகம் வந்தது. லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. பழைய பேப்பர் கடை பாயிடம் ஸ்பிரிங் தராசைக் கடன் கேட்டேன். "எதுக்குமா?" என்றார். "ஸ்கூல்ல கேட்டாங்க பாய்" என்றேன். பள்ளிக்கூடம் என்றால் எல்லாரும் எதையும் கொடுத்துவிடுகிறார்கள். "சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துரு கண்ணு, எடை போட வேற இல்ல" என்று கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில், செருப்பின்மேல் செங்கல்லை வைத்துக் கட்டி, தராசின் கொக்கியில் மாட்டித் தூசி ரோட்டில் சீராக இழுத்தேன். செருப்பும் கல்லும் சேர்ந்து மூன்று கிலோ. இழுக்க ஆன பலம் ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஏழு, ஒன்று புள்ளி ஒன்பது. சராசரி ஒன்று புள்ளி எட்டு. மூன்றால் வகுத்தால் 0.6.

டீக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "போன வாரம் ரோட்ட அளந்தீங்க, இந்த வாரம் செருப்ப நாய்க்குட்டியாட்டம் கட்டி இழுக்கறீங்க. ஊட்ல சொல்லி ஏதாச்சும் மந்திரிச்சுக்கப்படாதுங்களா அம்மணி?" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் முறையாக எழுதினேன். நோக்கம், பஸ்ஸின் வேகம் காணல். தேவையான கருவிகள், தையல் டேப், டயர் செருப்பு, செங்கல், ஸ்பிரிங் தராசு. பிறகு சூத்திரம், அட்டவணை. 0.6ஐ 9.8ஆல் பெருக்கினால் பஸ்ஸின் வேகம் குறைந்த வீதம். பிரேக் பிடித்துத் தேய்ந்துகொண்டே போன தூரத்தையும் வேகம் குறைந்த வீதத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் பிரேக் பிடித்த கணத்தின் வேகம் வரும். விநாடிக்குப் பதினாறு மீட்டர் வந்தது. மணிக்கு மாற்றினால் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்.

எங்கோ தப்பு என்று மறுபடி போட்டேன். ஐம்பத்தெட்டு. உராய்வைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஐம்பத்தைந்து. கொஞ்சம் கூட்டிப் போட்டால் அறுபது. என்ன செய்தாலும் நாற்பதின் பக்கத்தில்கூட வரவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. நாற்பதில் வந்திருந்தால் தடம் எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று போட்டேன். பத்தரை மீட்டர். பஸ் பத்தரை மீட்டரில் நின்றிருக்கும். அந்த மனிதர் பதினான்காவது மீட்டரில் இருந்தார். நடுவில் மூன்றரை மீட்டர் மிச்சம். ஒரு மாட்டு வண்டி திரும்புகிற இடம் அது. அவர் பாட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். போகிற போக்கில் அப்பாவை ஒரு வார்த்தை திட்டியும் இருப்பார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. துக்கம், பயம் எதுவும் இல்லை. மண்டைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. பிறகு புதுப் பக்கத்தைத் திருப்பி, நாற்பதில் ஆரம்பித்துப் பின்னால் வந்தேன். இருபத்திரண்டு மீட்டரும் நாற்பதும் ஒத்துப்போக வேண்டுமானால் உராய்வு 0.29 இருக்க வேண்டும். "சாலையில் சிமெண்டுத் தூசி இருந்ததால் உராய்வு குறைவு" என்று ஒரு குறிப்பு எழுதினேன். தராசு ரீடிங்கை அதற்குத் தக்க மாற்றினேன், ரெண்டு புள்ளி முன்ன பின்ன வைத்துக்கொண்டேன். முடிவு, பஸ்ஸின் வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர். அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். டீச்சர் பார்த்திருந்தால் "நன்று" போட்டிருப்பார்.

அதை யாரிடமும் காட்டவில்லை. போலீஸிடம் கொண்டுபோகவும் இல்லை. நோட்டு அலமாரியில் கிடந்தது.

பத்து மாதம் போனது. நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். அப்பா பஸ்ஸுக்குப் போகவில்லை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ஒரு ரீட்ரேடிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பதினேழு ஆகிறது, தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கையை உருவிக்கொள்வேன். வீட்டில் யாரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா மட்டும் சில நாள் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நாப்பது இருக்கும்" என்பார். "நாப்பதுலதான் வந்தேன்" என்பது எப்போது "நாப்பது இருக்கும்" என்று ஆனது என்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அம்மா கவனித்தாளா என்று தெரியாது. அவள் மெஷின் நிற்காது.

கோர்ட் வாய்தா நெருங்கியபோது முதலாளி ஏற்பாடு செய்த வக்கீல் வீட்டுக்கே வந்தார். சிரித்த முகம், நல்ல மனுஷர். டீ குடித்துக்கொண்டே கேஸ் ஒன்றுமே இல்லை என்றார். "பாருங்க, உக்கடத்துல எடுத்த டைம் இருக்குது. சம்பவம் நடந்த டைம் இருக்குது. பதினொரு கிலோமீட்டர், இருபத்தேழு நிமிஷம். மணிக்கு இருபத்திநாலுதான் வருது. அதிவேகம்னு எவன் சொல்றான்? நாப்பதுன்னு சொல்றதே உங்க பெருந்தன்மை" என்றார்.

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சராசரி வேகம் வேறு, அந்தந்தக் கணத்தின் வேகம் வேறு என்பது பதினொன்றாம் வகுப்பின் இரண்டாவது பாடம். கேட்டில் நின்ற நான்கு நிமிடமும் ஸ்டாப்புகளில் நின்ற நேரமும் அந்த இருபத்திநாலுக்குள் கரைந்து கிடக்கிறது. ஆனால் அந்தச் சராசரியால் அப்பா வீட்டில் இருப்பார் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். வக்கீல் போகும்போது வாசலில் நின்று அழுத்திச் சொன்னார்.

"குத்தமில்லைன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வாய்ல வரப்படாது. ஒத்துக்கிட்டா உள்ள போகோணும், லைசென்ஸும் போயிரும், தெரியுமல்ல?"

"தெரியுமுங்க" என்றார் அப்பா.

மறுநாள் மத்தியானம், அப்பா பட்டறைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அம்மா மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு" என்றார். "மதுக்கரை ரோட்டு டீக்கடைக்காரர நேத்துப் பாத்தேன். என்னைய ஆருன்னு தெரியாம பேசிட்டிருந்தாரு. ஆக்சிடெண்டுக்கு மக்யா நாளு ஒரு புள்ள வந்து ரோட்ட அளந்துச்சாம். அடுத்த வாரம் செருப்பக் கட்டி இழுத்துச்சாம்."

அம்மாவின் மெஷின் நின்றது.

"எம்பட பழைய செருப்பு ஒத்தச் செருப்பாக் கெடக்குதேன்னு பாத்தேன்" என்றார் அப்பா. கோபமில்லை. "என்ன வந்துச்சு, சொல்லு. மீட்டர் ஓடலீல்ல. எனக்கே தெரியாது கண்ணு. அன்னிக்கு ஸ்டேஷன்ல எத்தனைல வந்தேன்னு கேட்டாங்க, எல்லாரும் சொல்றதச் சொல்லிப்போட்டேன். பத்து மாசமா அதையே சொல்லிட்டுத் திரியறேன். நாப்பதுதானா?"

அவர் பொய் சொல்கிறார் என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கே தெரியாது என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தேன். இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று யோசிக்கவும் இல்லை. கை தானாக இரண்டாவதைத் திருப்பியது.

"நாப்பதுதானுங்கப்பா" என்றேன். "தடம் இருபத்திரண்டு மீட்டருங்கப்பா. ரோட்டுல சிமெண்டுத் தூசி இருந்துச்சல்லங்கப்பா, அதனால டயர் புடிக்கலீங்கப்பா. வழுக்கீட்டுப் போயிருச்சு."

அப்பா நோட்டை வாங்கினார். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிக்கோட்டை விரலால் தடவினார்.

"தூசியா?" என்றார். "அந்த ரோட்டுல வருசம் முச்சூடும் தூசிதான் கண்ணு. பதினெட்டு வருசமா அதும்மேலதான் பிரேக் போடறேன்." நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நாப்பதுல வந்திருந்தா வண்டி நின்னிருக்கும், கண்ணு. அந்தாளுக்கு இக்கட்டால, முன்னாலயே நின்னிருக்கும். பிரேக்க மிதிச்ச எங் காலுக்குத் தெரியாதா?" என்றார்.

அம்மா, "விடுங்க, புள்ளையப் போட்டு" என்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை.

நான் பக்கத்தை முன்னால் திருப்பினேன். ஐம்பத்தெட்டு என்றேன். பத்தரை மீட்டர், பதினான்கு மீட்டர், எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை அளந்ததையும் சொன்னேன். டீச்சருக்குச் செய்முறை ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே போனேன். அந்த மூன்றரை மீட்டரைச் சொன்னபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டுல நாலு நிமிசம் போச்சு" என்றார். "அதப் புடிக்கோணும்னு வந்தேன்." அப்புறம், "செரி கண்ணு. படி" என்றார். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அம்மா மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். நான் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள்.

வாய்தா அன்று நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பக்கம், சுவர் ஓரமாக, அந்த மில்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். முந்தானையின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். என் கண் அங்கே போகாமல் பார்த்துக்கொண்டேன். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கூண்டில் நின்றார். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்று படித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். வக்கீல் அப்பாவைப் பார்த்துத் தலையை லேசாக இடவலமாக ஆட்டிக் காட்டினார்.

"ஒத்துக்கறேனுங்க" என்றார் அப்பா.

வக்கீல் சடாரென்று எழுந்தார். "கட்சிக்காரர் பயந்துபோய்ச் சொல்றாருங்க, எங்களுக்குக் கொஞ்சம் டைம்…" என்று ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"அம்பத்தெட்டுங்க."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார். காகிதத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "ஸ்டேஷன்ல நாப்பதுன்னு சொல்லியிருக்கீங்க. வண்டியில மீட்டர் வேலை செய்யலைன்னு இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் இருக்கு. அப்புறம் அம்பத்தெட்டுன்னு இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

அம்மா என் கையைப் பிடித்தாள். அப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நீதிபதியை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எம்பட புள்ள அளந்துச்சுங்க. பன்னெண்டாவது படிக்குது. அது தப்பா அளக்காதுங்க."